கதவைத் தட்டுபவர்

நகராட்சி ஊழியர்களுள் விடியலுக்கு முன் எழுபவர் யாவர் எனக் கேட்டால், தூய்மைப் பணியாளர்கள் என்றே பலரும் விடை கூறுவர். அவர்கள் வந்து கையொப்பமிடுவதற்கு வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, கோட்ட அலுவலகத்தின் வாயிலில் அவர்களுக்கும் முன்னதாகவே நிற்பவர் ஒருவர் உண்டு. அலுவலகக் கோப்புகளில் அவர் துப்புரவு ஆய்வாளர். சுகாதார ஆய்வாளர் என்றும் வழங்குவர். தெருவிலோ அவர் ‘சானிட்டரி இன்ஸ்பெக்டர்’. எந்தத் தெருவுக்கு எத்தனை பேர், எந்த வண்டி பழுது, யார் விடுப்பு என்று கணக்கிட்டு முடிப்பதற்குள் பொழுது புலர்ந்துவிடும். குப்பை அள்ளப்படவில்லை என்னும் முதல் புகாரும் அதற்குள் அவருடைய கைப்பேசிக்கு வந்துவிடும்.

குப்பையைக் கொண்டுதான் ஊர் அவரை அறியும். ஆனால் குப்பை அவருடைய பணியின் ஒரு பகுதியே. குழாயில் வரும் குடிநீரில் குளோரின் உள்ளதா எனப் பார்ப்பதும், கொசுப்புழு வளரும் இடங்களைத் தேடுவதும், காய்ச்சல் கண்டவர் வீட்டுக்குச் சென்று சுற்றுப்புறத்தை ஆராய்வதும், நகரில் நிகழும் பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வதும் அவர் கடமைகளே. மருத்துவர் நோயாளியைப் பார்க்கிறார். இவர் இன்னும் நோயாளி ஆகாதவரைப் பார்க்கிறார். அதனால்தானோ என்னவோ, இவருக்கு நன்றி சொல்ல எவரும் வருவதில்லை. தமக்கு வாராத வாந்திபேதிக்காக யார்தான் நன்றி கூறுவர்?

இந்தப் பணிக்குச் சட்டத்தின் துணை உண்டு. சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அமைச்சரவை இருந்த காலத்தில், 1939 ஆம் ஆண்டில், பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது பொதுச் சுகாதாரத் துறையைக் கவனித்த அமைச்சர் டி. எஸ். எஸ். ராஜன் தாமே ஒரு மருத்துவர். குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், கொசு, உணவு, திருவிழாக் கூட்டம் என ஊர் நலத்தைத் தொடும் பலவற்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த முன்னோடி முயற்சி அது. உரிய காரணம் இருப்பின் சுகாதார அலுவலர் ஒரு வளாகத்துக்குள் நுழைந்து பார்வையிட அச்சட்டம் அதிகாரம் தருகிறது. கேடு விளைவிக்கும் நிலையை நீக்குமாறு அறிவிப்பு அனுப்பவும் வழி செய்கிறது.

அதிகாரம் கையில் இருப்பதும் கதவு திறப்பதும் ஒன்றல்ல. இதனை இந்திய வரலாறு பெரும் விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1896 இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் சில மாதங்களில் புனே நகரையும் பற்றியது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. புனேயில் நோய்த்தடுப்புப் பொறுப்பை ஏற்ற வால்டர் சார்லஸ் ராண்டு என்னும் ஆங்கில அதிகாரி, வீடுகளைச் சோதனையிடப் படைவீரர்களை அனுப்பினார். அவர்கள் அடுக்களைக்குள்ளும் பூசையறைக்குள்ளும் புகுந்தனர். வீட்டுப் பொருள்களை வீதியில் போட்டு எரித்தனர். பெண்களைச் சோதித்த முறை ஊரைக் கொதிக்கச் செய்தது. மக்கள் நோயாளிகளை மறைத்தார்கள். மறைக்கப்பட்ட நோயாளியிடமிருந்து நோய் மறைவாகவே பரவியது. அவ்வாண்டு ஜூன் 22 ஆம் நாள் இரவில் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். சில நாள்களில் அவர் இறந்தார். இந்நிகழ்ச்சியை விடுதலைப் போராட்டத்தின் ஒரு கட்டமாகவே நாம் படிக்கிறோம். நலவாழ்வுத் துறையில் பணியாற்றுவோர் அதில் மற்றொரு பாடத்தையும் படிக்க வேண்டும். நோயைத் தேடி நுழைந்தவர்களுடைய நோக்கத்தில் ஒரு பகுதி நியாயமானதே. நுழைந்த முறைதான் அந்த நியாயத்தைக் கெடுத்தது.

இன்று நம் ஊரில் கதவைத் தட்டுபவரிடம் துப்பாக்கி இல்லை. ஒரு கைவிளக்கு, ஒரு குறிப்பேடு, தண்ணீரை மொண்டு பார்க்க ஒரு கரண்டி, மருந்துப் புட்டி ஆகியவையே அவரிடம் இருக்கும். டெங்குக் காய்ச்சல் பரவும் மழைக்காலத்தில் ஆய்வாளரும் கொசு ஒழிப்புப் பணியாளர்களும் வீடுவீடாகச் செல்கின்றனர். அப்பணியாளர்களுள் பெண்கள் மிகுதி. வாசலில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இவ்வாறே தொடங்கும்.

“அம்மா, பின்கட்டுத் தொட்டியைக் கொஞ்சம் பார்த்துக்கலாமா?”

“போன வாரந்தானே சார் வந்து பார்த்தீங்க?”

“போன வாரம் பார்த்தது போன வாரத்துப் புழுங்கம்மா. அது இந்நேரம் இறக்கை முளைச்சுப் பறந்திருக்கும்.”

வேடிக்கையாகச் சொன்னாலும் அது கணக்கறிந்த சொல். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள்களுக்குள் முழுக் கொசுவாகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து, உட்சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் அந்தச் சுழற்சி அறுபடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டைகள், தண்ணீர் இன்றியே பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் தொட்டவுடன் பொரிக்கும். இக்கொசு சாக்கடையை நாடுவதில்லை, தெளிந்த நீரையே நாடுகிறது. தெருச் சாக்கடையைக் காட்டி, “முதலில் இதைச் சரிசெய்யுங்கள்” என்று சினப்பவருடைய வீட்டுக்குள்ளேயே, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும், மாடியில் கிடக்கும் டயரிலும், பயன்படாமல் மழைநீர் தேங்கிய ஆட்டுக்கல் குழியிலும் அது வளர்ந்துகொண்டிருக்கும். சாக்கடை பற்றிய அவர் சினமும் தவறன்று. வேறு வகைக் கொசு அங்கே வளரத்தான் செய்கிறது. இவ்விரண்டையும் அவர் மனம் நோகாமல் விளக்குவதற்கு ஆய்வாளருக்கு வாய்த்திருக்கும் நேரம் இரண்டு மணித்துளிகள்.

பார்த்ததை அவர் எண்ணாக மாற்றுகிறார். நூறு வீடுகளைச் சோதித்ததில் எத்தனை வீடுகளில் புழு இருந்தது என்பது ஒரு குறியீடு. அந்த நூறு வீடுகளில் புழு இருந்த கலன்கள் எத்தனை என்பது மற்றொன்று. இதனைப் பிரெட்டோ குறியீடு என்பர். ஒரு தெருவில் இவ்வெண்கள் ஏறினால், காய்ச்சல் வருவதற்கு முன்பே அத்தெருவுக்குக் கூடுதல் ஆட்களை அனுப்பலாம். ஆனால் இந்த எண்ணின் உண்மை, எத்தனை வீட்டார் உள்ளே விட்டனர் என்பதைப் பொறுத்தது. திறக்காத வீட்டின் தொட்டி கணக்கில் வருவதில்லை. அங்கே பிறக்கும் கொசு அடுத்த வீட்டுக்குப் போக அனுமதி கேட்பதுமில்லை.

கதவுகளைப் படிக்கத் தெரிந்திருப்பதும் இப்பணிக்கு உரிய கல்வியே. ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால், உள்ளே யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது என்று ஊரார் அறிவர். வெளியார் உள்ளே செல்லார். வீட்டாரும் விழா, விருந்து என்று வெளியே போகார். மாரியம்மன் வந்திருக்கிறாள் என்னும் நம்பிக்கையின் பெயரால் கடைப்பிடிக்கப்படும் இவ்வொழுக்கம், தொற்றுநோயாளியைத் தனிமைப்படுத்தலோடு பெரிதும் ஒத்துப்போவதைக் காணலாம். அனுபவமுள்ள ஆய்வாளர் அந்த வேப்பிலையைக் கண்டு நகைப்பதில்லை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, “தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சாங்கம்மா? வீட்டில வேற சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?” என்று கேட்கிறார். முதல் கேள்வியின் விடை, நோய் தொடங்கி எத்தனை நாளாயிற்று என்பதைச் சொல்லிவிடும். இரண்டாம் கேள்வி, தட்டம்மைத் தடுப்பூசி போடப்படாத குழந்தை அங்கே உண்டா என்பதை அறிவதற்கு. ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒரு தவணை, ஒன்றரை வயதை ஒட்டி மறு தவணை எனப் போட வேண்டிய ஊசி அது. அம்மனைப் பழித்திருந்தால் இந்த இரண்டு விடைகளும் அவருக்குக் கிடைத்திரா.

பெரியம்மையை இந்நாட்டிலிருந்து விரட்டியதும் இத்தகைய வாசற்படி விசாரணைதான். 1970களில் நலவாழ்வுப் பணியாளர்கள், அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டையைக் கையில் ஏந்தி, “இப்படி யாருக்காவது கண்டிருக்கிறதா?” என வீடு தோறும் கேட்டுச் சென்றனர். சந்தையிலும் பள்ளியிலும் தேநீர்க் கடையிலும் விசாரித்தனர். தகவல் தருவோர்க்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. முடிவில் அத்தொகை ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. ஒரு நோயாளி கிடைத்தால் அவரைச் சுற்றியுள்ள அனைவருக்கும் இருமுனை ஊசியால் அம்மைகுத்தி, நோய் வெளியேறும் வழியை அடைத்தனர். 1975 மே மாதத்தில் அஸ்ஸாமின் கரீம்கஞ்சில் கண்டறியப்பட்டவரே இந்தியாவின் இறுதிப் பெரியம்மை நோயாளி. மருந்து மிகப் பழையது. எட்வர்ட் ஜென்னர் 1796 இலேயே அதற்கு வழி கண்டார். ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளாகக் கிடைத்துவந்த மருந்தை வெற்றியாக மாற்றியது, கதவுதோறும் நடந்த கால்களே.

குடிநீரைத் தொடர்ந்து செல்லும்போதுதான் இப்பணியின் நுட்பம் முழுமையாக விளங்கும். ஒரு தெருவில் இரண்டு நாள்களுக்குள் ஐந்தாறு பேருக்கு வயிற்றுப்போக்கு எனக் கொள்வோம். ஊர் உடனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிடும்: கல்யாண வீட்டுச் சாப்பாடு, அல்லது தெருமுனைக் கடைப் பலகாரம். ஆய்வாளர் எதையும் நம்பாமலும் மறுக்காமலும் வீடுவீடாகச் செல்வார். யாருக்கு, எந்த நாளில், எந்த நேரத்தில் தொடங்கியது; விருந்துக்குப் போனவர் யார், போகாதவர் யார்; குடிப்பது தெருக்குழாய் நீரா, வீட்டிணைப்பு நீரா, விலைக்கு வாங்கும் கேன் நீரா; காய்ச்சிக் குடிக்கிறார்களா என்று கேட்டு, தெருவின் வரைபடம் ஒன்றை எழுதுகோலால் கிறுக்கி, நோயுற்ற வீடுகளில் புள்ளியிடுவார். விருந்துக்குப் போகாத கிழவிக்கும் நோய். போய் வயிறார உண்ட எதிர்வரிசை இளைஞனுக்கு ஒன்றுமில்லை. புள்ளிகள் எல்லாம் தெருவின் ஒரே வரிசையில் விழுந்திருக்கும். அவ்வரிசைக்குத் தண்ணீர் தரும் குழாய் எது என்பதே அடுத்த கேள்வி.

நம் நகரங்கள் பலவற்றில் குடிநீர் நாள் முழுதும் வருவதில்லை. வருகிற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருப்பதால், விரிசல் இருந்தாலும் உள்ளிருந்து வெளியேதான் நீர் கசியும். விநியோகம் நின்றதும் நிலைமை தலைகீழாகும். வெற்றுக் குழாய் சுற்றிலுமுள்ள ஈரத்தை உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் சாக்கடை ஓடினால் சாக்கடை நீர் உள்ளே வரும். வீட்டிணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்தித் தண்ணீரை உறிஞ்சும் வழக்கம் இந்தக் கேட்டைப் பன்மடங்காக்குகிறது. இது விதிமீறல் என்பது அனைவருக்கும் தெரியும்; பக்கத்து வீட்டார் செய்யும்போது மட்டுமே நினைவுக்கு வரும்.

ஆய்வாளர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தொடங்கித் தெருவின் கடைசிக் குழாய் வரை நீரைச் சோதித்துக்கொண்டு வருவார். சோதனைக் குழலில் சில துளி மருந்து விட்டால் நீர் மஞ்சள் நிறம் கொள்ளும். குளோரின் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு அடர் மஞ்சள். கடைக்கோடிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். தொட்டியருகே மஞ்சளாகத் தெரிந்த நீர், ஒரு திருப்பத்துக்கு அப்பால் நிறமற்று நின்றால், இடையில் ஏதோ ஒரு மாசு அந்தக் குளோரினைத் தின்றிருக்கிறது என்று பொருள். அங்கே தோண்டச் சொல்வார். பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால், சாக்கடைக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாயின் இணைப்பு நெகிழ்ந்திருக்கும். அது சரிசெய்யப்படும் வரை அவ்வரிசைக்கு வண்டியில் குளோரின் கலந்த நீர். வீட்டுக்கு வீடு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். “கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே குடியுங்கள்” என்னும் ஒலிபெருக்கி.

இந்த முறைக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. 1854 இல் இலண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வீடுகளைக் கணக்கெடுத்து, அத்தெருவின் அடிகுழாயே மூலம் எனக் கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பாடநூல்கள் இத்துடன் கதையை நிறுத்திவிடுகின்றன. அதே பகுதியில் ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் இளம் பாதிரியார் இருந்தார். ஸ்னோவின் முடிவு தவறென்று மெய்ப்பிக்க எண்ணியே அவர் வீடுவீடாக விசாரிக்கத் தொடங்கினார். அவ்வீடுகள் அவருக்கு முன்பே பழக்கமானவை. எனவே அந்நியரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னார்கள். குழாய்க்கு எதிரே ஒரு வீட்டில் நோயுற்றிருந்த கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர், குழாய்க் கிணற்றை ஒட்டிய கழிவுத்தொட்டியில் ஊற்றப்பட்டதை அவர்தாம் கண்டறிந்தார். தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. ஸ்னோவுக்குக் கிடைத்த புகழில் ஒரு பங்கு இவருக்கும் உரியது.

உணவகங்களைச் சோதிப்பது ஒரு காலத்தில் ஆய்வாளரின் அச்சமூட்டும் முகமாக இருந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 இல் நடைமுறைக்கு வந்த பிறகு அதற்கெனத் தனி அலுவலர்கள் உள்ளனர். எனினும் இவர் தேநீர்க் கடைப் பக்கம் வந்தால், குவளை கழுவும் வாளியின் தண்ணீர் இன்றும் அவசரமாக மாற்றப்படுகிறது.

இறப்புப் பதிவேடு அமைதியானது. ஆயினும் அதனைக் கூர்ந்து படிப்பவருக்கு அது பேசும். பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த 21 நாள்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது விதி. சான்றிதழுக்காகவே மக்கள் வருகின்றனர். வங்கிக் கணக்கு, வாரிசுரிமை, பள்ளிச் சேர்க்கை என அவரவர் தேவை அவரவர்க்கு. பதிவாளராக அமர்ந்திருக்கும் ஆய்வாளர் முகவரியையும் காரணத்தையும் சேர்த்துப் பார்ப்பார். அடுத்தடுத்த தெருக்களில் ஒரே வாரத்தில் இரண்டு காய்ச்சல் மரணங்கள் எனில், பேனாவை மூடிவிட்டு அவர் எழுந்தாக வேண்டும். இழவு விழுந்த வீட்டில், எரியும் விளக்கின் முன் அமர்ந்திருப்பவரிடம் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது என்று கேட்பதைவிடக் கடினமான கேள்வி இப்பணியில் வேறில்லை. கேட்காமல் வந்துவிட்டாலோ, அதே கொசு அடுத்த வீட்டுக்குள் புகும்.

இவ்வளவு பொறுப்புகளையும் ஒருவர் தோளில் ஏற்றிவிட்டு, அவருடைய நாளின் பெரும்பகுதியைக் குப்பை வண்டிகளுக்கு ஆள் பிரிப்பதிலேயே கழிக்க வைப்பது நகர நிருவாகத்தின் குறை என்றே சொல்ல வேண்டும். அந்த ஆள் பிரிக்கும் வேலையிலும் ஓர் அறச்சோதனை உண்டு. மனிதரைக் கொண்டு மலக்கழிவை அள்ளச் செய்வதையும், பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதையும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆயினும் அடைப்பு எடுக்க வேண்டும் என்று மேலிருந்தும் தெருவிலிருந்தும் நெருக்கடி வரும் வேளையில், “ஆளை இறக்க முடியாது, இயந்திரம் வரும் வரை பொறுத்திருங்கள்” என்று சொல்ல வேண்டியவர் ஆய்வாளரே. சாக்கடை வழிந்த தெருவில், மூக்கைப் பொத்திக்கொண்டு சூழ்ந்து நிற்பவர்களிடம் அவ்வாறு சொல்லி, வசை கேட்டு, பின்வாங்காமல் நிற்பவர்கள் உண்டு. அன்று ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதற்கு இடமில்லை. கையுறையும் காலணியும் தராமல் வேலைக்கு அனுப்பிவிட்டு, பதிவேட்டில் வழங்கப்பட்டதாகக் குறிப்பவர்களும் இல்லாமல் இல்லை. ஒரே பதவி இருவகை மனிதரையும் தாங்குகிறது.

மாலையில் ஆய்வாளர் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்க்கிறார். பார்த்த வீடுகள், புழு இருந்த வீடுகள், மருந்து ஊற்றிய தொட்டிகள் ஆகியவற்றுக்கு நேரே எண்கள் நிரம்புகின்றன. ‘பூட்டிய வீடுகள்’ என்று ஒரு பத்தி உண்டு. கணவனும் மனைவியும் வேலைக்குப் போன வீடு, வெளிநாட்டில் இருப்பவரின் வீடு, உள்ளே ஆள் இருந்தும் திறக்காத வீடு ஆகியவை அதில் அடங்கும். போலியோச் சொட்டு மருந்து முகாம்களில் குழந்தைகள் அனைவரும் மருந்து பெற்ற வீட்டுச் சுவரில் ஒரு குறியும், மீண்டும் வர வேண்டிய வீட்டுச் சுவரில் வேறொரு குறியும் சுண்ணக்கட்டியால் இடுவார்கள். அப்படி மீண்டும் மீண்டும் சென்றதனால்தான் 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோ நச்சுயிரியால் நோயுற்றவர் எவரும் பதிவாகவில்லை. அதே வழக்கத்தில், பூட்டிய வீடுகளின் எண்களை அவர் தனித்தாளில் பெயர்த்து எழுதிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஆள் இருப்பார்கள்.